கேரவன் கழுவிய நாள்

ஒத்தக்கடை தாண்டினால் அமானுல்லா வாட்டர் சர்வீஸ்.
காலை ஆறரைக்கு வந்து நின்றது வெள்ளைக் கேரவன்.
வெள்ளை என்பது ஆர்சி புத்தகத்தில் மட்டும்.

கீழக்குயில்குடியில் பன்னிரண்டு நாள் ஷூட்டிங்காம்.
ஆலமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள்.
மைனா பகலிலும் வௌவால் ராத்திரியிலும்
முறை வைத்துக் கழிந்திருக்கின்றன.
முகப்புக் கண்ணாடிக்குக் கீழே ஈசல் அப்பியிருந்தது.
சக்கரத்துக்கு மேலே நாலுவழிச் சாலையின் தார்.
கதவோரம்,
கதாநாயகனைத் தொட முடியாதவர்கள்
வண்டியைத் தொட்டுவிட்டுப் போன கைகள்:
விபூதிக் கை, சால்னாக் கை,
லிப்ஸ்டிக்கில் ஒரு ஃபோன் நம்பர்,
ஒன்பது இலக்கம்தான் இருந்தது.

"சாயங்காலம் தேனியில நிக்கணும்க்கா,
பளிச்சுனு இருக்கணும்"
என்று சொல்லிவிட்டு டிரைவர் ஒய்யணன்
டீக்கடைக்கு நடந்தார்.

எச்சத்தைச் சுரண்டக் கூடாது,
பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும்.
பழைய வேட்டியை நனைத்துப் போர்த்திக்
கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும்.
காய்ந்தது எதுவும் காய்ந்தபடியே போகாது.
தாருக்கு முன்பெல்லாம் மண்ணெண்ணெய்,
இப்போது டீசல்.
ஈசலுக்கு ஒரு ரூபாய் ஷாம்பு நாலு.
லிப்ஸ்டிக்குக்குப் பல் விளக்கும் பேஸ்ட்.
அழிக்கும்போது
அந்தப் பத்தாவது இலக்கம்
என்னவாக இருக்கும் என்று கொஞ்சம் யோசித்தேன்.

கறுப்புக் கோடுகள்தான் பெரும்பாடு.
கூரை விளிம்பிலிருந்தும்
ஏசி பெட்டியின் அடியிலிருந்தும்
மழை இழுத்துக்கொண்டு வந்தவை.
ஏணியில் நின்று நிமிர்ந்தால் எதிரே யானைமலை.
அதன் விலாவிலும் அதே கோடுகள்,
அதே மழை போட்டவை.
அதை எவரும் சர்வீசுக்கு விட்டதில்லை.
கொடுத்துவைத்த யானை.

ஒன்பது மணி வெயில் இடப்பக்கம் விழுந்தபோது
ஜன்னலுக்குக் கீழே
திட்டுத்திட்டாக ஏதோ தெரிந்தது.
ஷாம்பு போட்டேன், போகவில்லை.
பேஸ்ட், போகவில்லை.
டீசல். சபீனா. பிழிந்த எலுமிச்சை மூடி.
தோள் கழன்றதுதான் மிச்சம்.
வெறுத்துப்போய்த் தள்ளி நின்றேன்.
தண்ணீர் காயக் காய
அது எழுத்தாகியது.

யாழ்மொழி.

இரண்டு ழகரமும்
வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஒய்யணன் வந்து பார்த்தார்.
"இதுவா? முந்தி டூரிஸ்ட் வண்டிக்கா இது.
ராமேசுரம், கன்னியாகுமரின்னு ஓடுனது.
டியூ கட்டலைன்னு பைனான்ஸ்காரன் தூக்கிட்டான்.
எங்க மொதலாளி ஏலத்துல எடுத்து
சீட்டக் கழட்டிட்டுக் கட்டிலு, கண்ணாடி,
கக்கூசுன்னு எல்லாம் வச்சாரு.
ஸ்டிக்கரு நான்தான் பிச்சேன். போகலியா?"

ஸ்டிக்கர் போய்விட்டது, அண்ணே.
எத்தனையோ ஊர் வெயில்
சுற்றியிருந்த வெள்ளையையெல்லாம் தின்றுவிட்டது.
பெயருக்கு அடியில் மட்டும்
வண்டி வாங்கிய அன்றைக்கு இருந்த வெள்ளை.
மொத்த வண்டியிலும் அழுக்குப் படாத இடம்
அது ஒன்றுதான்.
அதைத்தான் நான்
அரை மணி நேரமாகத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப எப்பிடித்தான் போக்குறது?"

காம்பவுண்டு போட்டுத் தேய்த்து
மிச்ச வண்டி முழுவதையும்
அந்தப் பெயர் அளவுக்கு வெளுக்க வேண்டும்.
ஆறாயிரம் ஆகும்.

"ஆறாயிரமா! மொதலாளி என்னையத்தான் கழட்டி விடுவாரு."
பிடரியைச் சொறிந்தார்.
"மக பேராத்தான் இருக்கும், இல்லக்கா?"
எனக்கென்ன தெரியும்.
மகளோ, மனைவியோ, செத்துப்போன தங்கையோ.

கடைசியாக ஒருமுறை
மேலிருந்து கீழே தண்ணீர் அடித்தேன்.
ஈரத்தில் பழுப்பும் வெளுப்பும் ஒரே நிறம்.
சுவர் சுத்தமாக இருந்தது.
"அட, போயிருச்சே!" என்றார் ஒய்யணன்.
பேசிய ஐந்நூறுக்கு மேல்
ஐம்பது வைத்தார்.
வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

செக்கானூரணி போவதற்குள் காய்ந்துவிடும்.
சொல்லவில்லை.