எழுதத் தெரியாது

சென்-தெனி ஆவணக் காப்பகத்தில்
பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.
பென்சில் மட்டும்.

ழோசெலின் என்னைக் கூட்டி வந்தது
காரைக்காலில் பிறந்தவன் என்பதற்காக.
அவள் வீட்டில் தமிழ்
கற்பூரம் எரியும் நேரம்தான் இருக்கும்.

பூட்டனின் படைப்பதிவு:
வெலாயூதோம். கரும்பு வெட்டுபவர்.
உயரம் ஒன்று ஐம்பத்தெட்டு. இடது முழங்காலில் வடு.
சலோனிக்காவில் கோவேறு கழுதைகளோடு
இரண்டு குளிர்காலம்,
மலேரியா,
பிறகு கப்பல்.

உயிரோடு திரும்பியவர்.
அதனால் சென்-தாந்த்ரே நினைவுக்கல்லில் பெயர் கிடையாது.
"செத்திருக்க வேண்டுமோ?" என்றாள் சத்தமாக.
மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

கல்வி என்ற கட்டத்தில்
எழுதத் தெரியாது என்று இருந்தது.
கடைசித் தாள், சம்பள ரசீது.
கையெழுத்து விழ வேண்டிய இடத்தில்
மைபரவிய சுழி இரண்டு, ஒரு வளைவு.
பக்கத்தில் குமாஸ்தாவின் குறிப்பு: கிறுக்கல்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி பார்த்தேன்.
வே.

அழுவாள் என்று நினைத்தேன்.
கோரிக்கைச் சீட்டைப் புரட்டிப்போட்டு
பென்சிலை எடுத்தாள்.
"எந்தப் பக்கத்திலிருந்து
ஆரம்பித்திருப்பார்?"