லைன் க்ளியர்

திருப்பாதிரிப்புலியூர், இரண்டாம் ஆட்டம்.
நீலக்கவசன் துணைமின் நிலையத்துக்குள் குதித்து
நூற்றுப்பத்து கேவி கம்பியை
வெறுங்கையால் பிடிக்கிறான்.
விசில்.
கலியமூர்த்தி மட்டும்
பாப்கார்னை மடியில் இறக்கிவைத்து,
"லைன் க்ளியர் வாங்கினானா இவன்?" என்றான்.
முன்வரிசை திரும்பி முறைத்தது.

இதைப் புத்தகமாய்ப் படித்திருக்கிறேன்,
மஞ்சக்குப்பம் பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கியது. கறுப்பு வெள்ளை.
கடைசி நாலு பக்கம் இல்லை.
கம்பியைப் பிடித்தபடி நின்றவன்
முப்பது வருஷம் அப்படியே நின்றான்.
நானும் விடச் சொல்லவில்லை.

படம் அவனை விடுவித்தது.
ஊர் ஒளிர்ந்தது, ஒருத்தி முத்தமிட்டாள், பறந்தான்.
வந்ததிலேயே இதுதான் பெஸ்ட் என்கிறாள் மகள்.
இருக்கலாம். சண்டைக்குப் போகவில்லை.

அந்தப் புயல் வருஷம்
சோதிக்குப்பத்தில் கம்பங்கள் நட்டு முடித்து
சுவிட்சை ஏற்றியபோது
ஒரு வீட்டில் மிக்சி கத்தியது:
பதினேழு நாளாய் அணைக்க மறந்த மிக்சி,
காலி ஜாரோடு.
தெருவே சிரித்தது.
அந்தம்மா எட்டிப் பார்த்து,
"ஃபேன் மெதுவா சுத்துதே, அண்ணே" என்றார்.

திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன.
கலியமூர்த்தியின் போன் அதிர்ந்தது.
கூத்தப்பாக்கத்தில் ஒரு ஃபேஸ் இல்லையாம்.
"உக்காருங்கண்ணே, கடைசியில இன்னொரு சீன் வரும்"
என்றான் பின்னாலிருந்த பையன்.
வந்திருக்கும்.
நாங்கள் அதற்குள் வண்டிப் பெட்டியைத் திறந்து
கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று
ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.