பட்டன், 1944

நெவாடாவில் நவம்பர்.
பள்ளிப் பேருந்துக்கு இன்று விடுமுறை, ஓட்டுகிற எனக்கும்.
எல்கோவைத் தாண்டிய சரளைச் சாலையில்
லொரிண்டாவின் பழைய டிரக்.
ஹீட்டர் அவள் பக்கம் மட்டும் வேலை செய்யும்.

என் மடியில் ஒரு தாள்,
எண்பது வருடத்துக்கு முன் நில அளவைக்காரன் எழுதிய வழிக்குறிப்பு:
பண்ணை வாசலிலிருந்து மூன்று புள்ளி இரண்டு மைல்.
காற்றாடிக் கிணற்றருகே இடப்பக்கம் திரும்பவும்.
டிரக் போகிறவரை போகவும்.
பிறகு நடக்கவும்.

"இவ்வளவு தெளிவாக
எந்த ஆம்பிளையும் என்னிடம் பேசியதில்லை"
என்றாள் லொரிண்டா.

பண்ணை இல்லை, வாசல் இருந்தது.
காற்றாடி இல்லை, அதன் நான்கு கால்கள் இருந்தன.
டிரக் போகிறவரை போனது.

மற்றவர்கள் பாறையிடுக்கில்
பிளாஸ்டிக் டப்பாவை ஒளித்துவைத்துத் தேடுகிறார்கள்.
நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.
டப்பாவுக்குள் ஈர நோட்டு, ரப்பர் பல்லி,
எந்தப் பூட்டுக்கும் உரிமையில்லாத ஒரு சாவி.
ஒருநாள் டப்பாவைத் தேடிப்போய்
பித்தளை வட்டு ஒன்றை மிதித்தேன்.
நடுவில் முக்கோணம், முக்கோணத்துக்குள் புள்ளி.
யாரும் ஒளிக்காத ஒன்று
யாரும் தேடாததால் ஒளிந்துகிடந்தது.
அன்றோடு டப்பாக்களை விட்டோம்.

கைபேசி சொல்கிறது: இன்னும் நானூறு மீட்டர்.
செங்குத்து அதற்குப் புரியாது.
சேஜ் புதர்கள் கால்சட்டையைப் பிடித்து இழுத்து
தங்கள் வாசனையைத் துடைத்துக்கொண்டன.
லொரிண்டாவின் ஒரு முழங்கால் உலோகம்.
ஏறும்போது வாயே திறக்காது.

மூன்று கால் ஊன்றி உலகளந்தவர்கள் இங்கே வந்தார்கள்.
ஒரு கால் பாறைமேல், ஒரு கால் சரளைமேல்.
மூன்றாம் காலுக்குத் தலை கொடுத்தது யார் என்று
ஷோஷோனிகளின் பேரப்பிள்ளைகளைத்தான் கேட்கவேண்டும்.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

குன்றின் பெயர் அந்தத் தாளில் மட்டும் 'பட்டன்'.
வைத்தவன் சட்டைப் பட்டனை
இங்கே தொலைத்திருப்பான் என்பது லொரிண்டாவின் கட்சி.
மேலே காற்று அப்படித்தான் அடித்தது.

முதல் துணைக்குறி கிடைத்தது.
வட்டில் ஓர் அம்பு, தென்மேற்கே.
இரண்டாவதை நான் கண்டுபிடித்தேன், பாசியைச் சுரண்டி.
அதிலும் அம்பு, வடக்கே.
நாடாவைப் பிடித்து அளந்தோம்:
அங்கிருந்து பதினொரு மீட்டர், இங்கிருந்து ஒன்பது.
இரண்டும் சந்திக்கிற இடத்தில்
உடைந்த சிமெண்ட், உளி பட்ட தடம்,
உள்ளங்கை அளவுக் குழி.

வட்டைப் பெயர்த்தால் இருநூற்றைம்பது டாலர் அபராதம் என்று
வட்டின் மேலேயே பொறித்திருப்பார்கள்.
பெயர்த்தவன் அதையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறான்.

குழியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.
வேட் இப்சனின் முதல் மனைவி,
வேட் இப்சனின் இரண்டாம் மனைவி.
அம்புகளைப் பார்த்தோம்.
முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை.
ஃபிளாஸ்க் மூடி உருண்டு
பாதிக் குன்று இறங்கிப்போய் நின்றது.

அடியில் இன்னொரு வட்டு இருக்கிறதாம்.
மேலே இருப்பது தொலைந்தால் உதவும் என்று
மூன்றடி ஆழத்தில், அதே புள்ளிக்கு நேர்கீழே புதைத்திருப்பதாகத்
தாளின் கடைசி வரி.
தோண்டக்கூடாது. தோண்டவில்லை.
லொரிண்டா மட்டும் கையுறையைக் கழற்றி
குழிக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்,
சாதம் குழைந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

குறிப்பேட்டில் எழுதினேன்:
துணைக்குறிகள் இரண்டும் நல்ல நிலையில்.
நிலையம் கிடைக்கவில்லை.
"'நல்ல நிலையில்' என்பதற்குக் கீழே கோடு போடு" என்றாள்.
போட்டேன்.

இறங்கும்போது முழங்கால் பேசத் தொடங்கியது.
மூடியை எடுத்துக்கொண்டோம்.
டிரக்கில் ஏறியதும் ஹீட்டரின் வாயை
என் பக்கம் திருப்பப் பார்த்தாள்.
அசையவில்லை.
இரண்டு மைல் வரை
ஒரு கையால் ஓட்டிக்கொண்டே
அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.