பூஜ்யத்தின் அகலம்

மோந்தெவிதேயோவின் ஞாயிற்றுச் சந்தையில்
ஸுல்மா எச்செவெரி வாங்கியது
நாக்குகள் இல்லாத ஒரு பண்டோனியன்.
நாக்குகளை யாரோ முன்பே பிடுங்கித்
தனியாக விற்றிருந்தார்கள்.
மிச்சம் ஒரு துருத்தி, இரண்டு மரப்பெட்டி,
மடிப்பில் காய்ந்துபோன ஒரு கரப்பான்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவள் பிழைப்பு.
இடிபட்ட கட்டடங்களின் பட்டன்கள்
பிஸ்கட் டப்பா நிறையக் கிடந்தன.
இடக்கைக்கு முப்பத்து மூன்று,
வலக்கைக்கு முப்பத்தெட்டு.
ஆகவே
மூன்றாம் மாடியையும் ஏழாம் மாடியையும்
சேர்த்து அழுத்தினால் ஒரு சோகம் வரும்.
தரைத்தளம் தனியே முனகும்.
மணிப்படம் போட்ட பட்டனும் ஒன்று இருந்தது,
அதைப் பற்றிப் பிறகு.

மூன்று பட்டன் அழுத்தினால்
நாலாவது பேசியது.
யாரும் தொடாத நாலாவது.
குறுக்கும் நெடுக்குமாய் இழுத்த வயர்களில்
வாசல் வழி போன மின்சாரம்
பக்கத்து வீட்டுக்குள் புகுந்து
பின்பக்கமாய் வந்து நின்றது.
பட்டனுக்கு ஒன்றாக எழுபத்தொரு டையோடு வைத்தாள்.
போகலாம், திரும்பக் கூடாது.
கழுத்தில் கறுப்பு வளையம்
எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.
ஐம்பத்தாறாவதைத் தலைமாற்றி வைத்துவிட்டாள்.
ஐம்பத்தாறு ஊமை.
அதைப் பிடிப்பதற்குள்
ஒரு பிளாஸ்க் வெந்நீரும்
மாத்தேயில் ஊற்றித் தீர்ந்தது.

சில முனைகளில்
ஈயம் பூசினது போலவும் இருந்தது
பூசாதது போலவும் இருந்தது.
பென்சிலால் தட்டினால் பேசும்,
எடுத்தால் வாயை மூடிக்கொள்ளும்.
மறுபடி சூடு. மறுபடி புகை.
சட்டைக் கையில் ஒரு ஓட்டை.

மிடிக்கு நீளம் தெரியாது.
தொட்டேன் என்பது ஒரு சேதி,
விட்டேன் என்பது இன்னொன்று.
விட்டேன் வழியில் தொலைந்தால்
தொட்டது தொட்டபடியே நிற்கும்.
செவ்வாயன்று அவள் வேலைக்குப் போனபின்
மணிப் பட்டன் அப்படி நின்றது,
ஸ்பீக்கரில், பதினொரு மணி நேரம்.
திரும்பி வந்தபோது கதவிடுக்கில்
கீழ்வீட்டு ஏபெரின் சீட்டு:
“இரவு வேலைக்காரன் நான், தூக்கம் பகலில்தான்.
நிறுத்தச் சொல்லவில்லை.
சுரத்தையாவது மாற்று.”

அதைவிடப் பெரிய தொல்லை துருத்தி.
ஒரே பட்டன்தான்,
விரிந்தால் ஒரு சுரம், சுருங்கினால் வேறு சுரம்.
எந்தப் பக்கம் என்று சொல்ல
உள்ளே காற்றழுத்தம் பார்க்கும் ஒரு சென்சார்.
இழுத்தால் சரி. அழுத்தினால் சரி.
அசையாமல் மடியில் வைத்தபோதுதான்
ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது.
விரிவா, சுருக்கமா,
விரிவா, சுருக்கமா,
நொடிக்கு நாற்பது முறை மனம் மாறியது.
வயரை மாற்றினாள்.
கெப்பாசிட்டர் போட்டாள்.
சென்சாரையே மாற்றினாள்.
புதியதும் அதே நடுக்கம்.

போசித்தோஸில் ஓர் ஆறுமாடிக் கட்டடம்.
கூண்டு தளத்துக்கு விரற்கடை மேலே நின்றது.
நாயோடு ஒருத்தி கைப்பேசியைப் பார்த்தபடி
இறங்கிப் போனாள்.
நாயும் கவனிக்கவில்லை.
ஸுல்மா ஸ்பானரைக் கீழே வைத்தாள்.
இருபத்திரண்டு வருஷமாக
கைக்குத் தெரிந்த விஷயம்தான்:
தளம் என்பது கோடு இல்லை.
இவ்வளவு மேலே, இவ்வளவு கீழே,
அதற்குள் எங்கே நின்றாலும்
வந்துசேர்ந்ததாகவே கணக்கு.

அன்றிரவு இரண்டே எண்கள் எழுதினாள்.
கழித்தல் பன்னிரண்டு. கூட்டல் பன்னிரண்டு.
நடுவில் சென்சார் என்ன உளறினாலும்
காதில் வாங்காதே.
மடியில் பெட்டி கிடந்தது.
கிடந்தது, அவ்வளவுதான்.
ஹெட்போனுக்குள்
தன் மூச்சு அவளுக்குக் கேட்டது.
உடனே வாசிக்கவில்லை,
கொஞ்ச நேரம் அதையே வைத்திருந்தாள்.

மணிப் பட்டன் இப்போதும்
எப்போதாவது ஒட்டிக்கொள்கிறது.
கீழிருந்து துடைப்பக்கட்டை தட்டும்.
ஒரு தட்டு என்றால் நிறுத்து.
இரண்டு என்றால் மாற்று.
நேற்று ஏபெர் மூன்று தட்டினான்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
இருவரும் இன்னும் பேசி வைக்கவில்லை.