கறைச் சதுரங்கள்

கானாடுகாத்தான் விடுதியில்
கறை போகாத துணிகளை மே மாதம் கழிப்பார்கள்.
சாப்பாட்டு மேசையின் நாப்கின்கள்.
அந்தப் பெயரைச் சொன்னாலே
சலவை அறையில் ரெஜினா சிரிக்கிறாள்.
அதனால், சதுரங்கள்.

இருபத்தாறு எண்ணி எடுத்தேன்.
மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு.
மிச்சம் இரண்டும் பாக்கெட்டுக்கு.

பாவாடைக்குப் பெரிய கணக்கெல்லாம் இல்லை.
இடுப்பில் ஒரு மடிப்பு, அதற்குள் எலாஸ்டிக்.
ஊக்கு அதை இழுத்துக்கொண்டு
இருட்டில் ஒரு சுற்று சுற்றி
புறப்பட்ட இடத்திலேயே எட்டிப் பார்க்கும்.

நண்டு மசாலா, ஒயின், வற்றல் குழம்பு
எல்லாம் தையலுக்குள் ஒளிந்தன.
யாரோ அழுது துடைத்த கண்மை மட்டும்
சதுரத்தின் நட்டநடுவில்.
இரண்டு முறை பிரித்தேன்.
பிறகு முழங்காலுக்குச் சற்று மேலே வைத்தேன்,
உட்கார்ந்தால் என் கை கிடக்கும் இடத்தில்.

இரவு கரண்ட் போயிற்று.
ஆத்தங்குடிக் கல் விடுதியில்தான்;
என் வீட்டில் சிமெண்ட், பத்து மணிக்கும் சுடுகிறது.
கால் நீட்டி, விளிம்பைப் பிடித்து
இரண்டு உதறு உதறினேன்.
தொடைவரை காற்று.
நைட்டி ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.

ரெஜினாவுக்கும் ஒன்று வேண்டுமாம்.
அடுத்த மே வரட்டும் என்றேன்.
அதுவரை யார் வேகுவது,
நாளைக்கு நானே குழம்பைக் கொட்டுகிறேன் என்கிறாள்.