பீட்சா மாவு

ஒரு மணி நேரம் உப்பட்டும் என்றிருந்தது குறிப்பில்.
எழுதியவருக்கு
சத்துவாச்சாரியின் மே மாதம் தெரியாது.
விடியற்காலை ஐந்தரைக்கே
இருபது நிமிடத்தில்
மூடிய தட்டைத் தள்ளிக்கொண்டு
எட்டிப் பார்க்கிறது.

ஒரு குத்து.
புஸ்ஸென்று அடங்கியது.
கள் வாசனை, லேசாக.

கட்டையால் தேய்க்காதே, விரலால் விரி,
அப்பளம் தடிமன்தான் இருக்கணும் என்று
ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது
படியிலிருந்து சொல்லிவிட்டுப் போனாள் ஹெப்சிபா.
விரித்தேன்,
மேசைத் துணியின் நீலப்பூ
மாவுக்கு அடியில் தெரியும்வரை.

நடுவில் கிழிந்தது.
ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி
ஒட்டுப் போட்டேன்.
அடுப்பில் தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது.

ஏழரைக்கு வந்தவள்
அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல்
அந்த ஒட்டுத் துண்டைத்தான் எடுத்தாள்.
உற்றுப் பார்த்தாள்.
"தையல் நல்லா போட்டிருக்க."

ஒரு வாய் கடித்துவிட்டு,
"உப்பு?"