பதிவேட்டில் முக்தார்

பிரபுக்கள் எல்லாரும் தலைக்கு ஒரு மகனைப்
பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்றான் வெள்ளைக்கார அதிகாரி.
குதிரையை விட்டு இறங்கவில்லை.

மடாக்கி வீட்டில் அன்றிரவு விளக்கு அணையவில்லை.
நஸரானிகள் பிள்ளையை என்ன ஆக்கி அனுப்புவார்களோ.
விடியும் நேரம் யாரோ லாயத்துப் பக்கம் கையை நீட்டினார்கள்.
லாயத்தில் நான் இருந்தேன்,
அடிமை பெற்ற அடிமை,
ஒரு சினைக் குதிரையின் சூட்டில் தூங்கிக்கொண்டு.

முக்தாரின் அங்கியை எனக்கு மாட்டினார்கள்.
அவுரிச் சாயம் கழுத்தில் ஒட்டியது.
ஒரு சாண் நீளம் கூடுதல்.
தூக்கிப் பிடித்தபடி அரசாங்கத்துக்குள் நடந்தேன்.

பெயர் என்ன என்றார் வாத்தியார்.
காம்போ என்று நான் வாய் திறப்பதற்குள்
கூட வந்தவன் சொல்லிவிட்டான்:
முக்தார். மடாக்கி மகன்.
மை காய்ந்தது.

ஒன்பது வருஷம் முக்தாராக இருந்தேன்.
முக்தாராகப் பிரம்படி பட்டேன்.
முக்தாராக அம்மை கண்டு பிழைத்தேன்.
அம்மா ஒருமுறை கம்பங்கூழ் கொண்டு வந்தாள்.
என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல்
வாசலில் இருமிக்கொண்டே நின்றாள்.
அந்த இருமலை எனக்குத் தெரியும்.
கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.
எழுந்து போகவில்லை.

எங்கள் ஹவுசா அதுவரை
அரபு எழுத்தில் ஏறி வலமிருந்து வந்துகொண்டிருந்தது;
மரப்பலகை, கோந்தும் கரியும் குழைத்த மை.
இடமிருந்து வந்தால்தான் எழுத்து என்று உத்தரவானது.
வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில்
ஊரில் படித்தவர்கள் அறுபது பேர்.
சனிக்கிழமைக் கணக்கெடுப்பில்
நானும் இன்னும் மூன்று பேரும்.

பிறகு எனக்கு நாற்காலி வந்தது. வரி அலுவலகம்.
பாலைக்காற்று புழுதியை அள்ளி வந்து
பேரேட்டின் மேல் கொட்டும் மாதம் ஒன்றில்,
தலை நிமிராமல் கேட்டேன்: பெயர்?

முக்தார்.

பேனா நின்றது.
அவன் என்னை அதட்டவில்லை.
காம்போ, என்றான், அம்மா போனபின் யாரும் சொல்லாத சொல்லை.
என் முழங்கால் தானாகவே தரையைத் தேடியது.
நாற்காலி விடவில்லை.

வரிப்பணத்தோடு ஒரு மனுவும் வைத்திருந்தான்.
அப்பாவின் நிலம், யாரோ வளைத்துவிட்டார்கள்.
பக்கம் முழுக்க, வலமிருந்து இடமாக,
கொக்குகள் வரிசை தப்பாமல் பறப்பது போன்ற கையெழுத்து.
எனக்குப் படிக்கத் தெரியாது.
அதைச் சொல்லவேண்டிய அவசியமும் எனக்கில்லை.
படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
எழுதப் படிக்கத் தெரியுமா?
இல்லை என்று குறித்து, மைப்பெட்டியை
அவன் பக்கம் தள்ளினேன்.

கட்டைவிரலைப் பார்த்தான், ஏதோ
இன்னொருவனிடம் இரவல் வாங்கியது போல.
முதலில் நீ போடு, என்றான்.
முக்தார் என்று ஆங்கிலத்தில் கையெழுத்திட்டேன்.
குனிந்து வெகுநேரம் பார்த்தான்.
இது எந்தப் பக்கம் தொடங்குகிறது?
காட்டினேன்.
அந்த முதல் எழுத்தின் மேலேயே
விரலை வைத்து அழுத்திவிட்டுப் போனான்.

முக்தார் என்பவர் தன் ரசீதில்
தானே கையெழுத்திட்டு, தானே ரேகையும் வைத்திருக்கிறார்,
விளக்கம் தேவை என்று மேலிடத்துக் கடிதம் வந்தது.
பிழை என்னுடையதுதான் என்று பதில் எழுதினேன்,
ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில்.